தளம் தயார், கப்பல் எங்கே? – செம்பவாங் கடற்படைத் தளம் சொல்லும் வரலாறு



"1942-இல் சிங்கப்பூர் ஏன் வீழ்ந்தது?" என்ற கேள்வி வந்தால் நம் மாணவர்களில் பலர் எழுதும் முதல் வரி இதுதான்: "பீரங்கிகள் எல்லாம் கடலைப் பார்த்தபடி இருந்தன; ஜப்பானியர்கள் பின்வாசல் வழியாக வந்துவிட்டார்கள்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதிதான் உண்மை. சாங்கியில் இருந்த 15 அங்குலப் பீரங்கிகளில் சில வடக்குப் பக்கமும் திரும்பக்கூடியவை. ஜொகூரை நோக்கிச் சுடவும் செய்தன. அவற்றுக்குக் கொடுக்கப்பட்ட குண்டுகளில் பெரும்பாலானவை கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைப்பதற்காகச் செய்யப்பட்டவை. தரையில் சிதறி நிற்கும் படைவீரர்களுக்கு எதிராக அவை அதிகம் உதவவில்லை.

அந்தப் பீரங்கிகள் எதற்காக வைக்கப்பட்டன என்று யோசித்துப் பாருங்கள். பிரிட்டனிலிருந்து பெரிய கப்பற்படை வந்து சேரும்வரை தளத்தைக் காப்பாற்ற வேண்டும். அவ்வளவுதான் அவற்றின் வேலை. அந்தக் கப்பற்படை வரவே இல்லை. ஏன் வரவில்லை? அந்தக் கேள்விக்குப் போர்க்களத்தில் மட்டும் பதில் தேடினால் கிடைக்காது. அதற்கு 20 ஆண்டுகள் முன்பே லண்டனில் போடப்பட்ட வரவு செலவுக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

ஒரே பணப்பை, இரண்டு செலவு

கடற்படை வைத்திருக்கும் எந்த நாட்டுக்கும் ஒரு தலைவலி உண்டு. இன்று கடலில் இருக்கும் கப்பல் இன்றே போருக்குத் தயாராக இருக்க வேண்டும். அதற்கு எண்ணெய், குண்டு, பழுதுபார்ப்பு, பயிற்சி, மாலுமிகளின் சம்பளம் எல்லாம் வேண்டும். இதைத் தயார்நிலை என்கிறோம். அதே நேரத்தில் 10 ஆண்டு கழித்து வரப்போகும் எதிரிக்கு இன்றைய கப்பல் ஈடுகொடுக்காது. புதிய கப்பல், புதிய விமானம், புதிய கருவி வேண்டும். இதை நவீனமயமாக்கல் என்கிறோம். பணப்பை மட்டும் ஒன்றுதான்.

ஓடுகிற வண்டிக்கு எண்ணெய் போடணும், புது வண்டிக்கும் காசு சேர்க்கணும், வீட்டு வாடகையும் கட்டணும் என்றால் குடும்பத்தலைவர் என்ன செய்வார்? எதையாவது தள்ளிப்போடுவார். 1920-களில் பிரிட்டனும் அதைத்தான் செய்தது. எதைத் தள்ளிப்போட்டது, எதைத் தள்ளிப்போடவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம்.

பத்தாண்டு விதி

முதலாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டனின் கருவூலம் காலி. போர்க்கடனுக்கு வட்டி கட்டுவதற்கே அரசுச் செலவில் பெரும்பகுதி போனது. 1919 ஆகஸ்டில் லாயிட் ஜார்ஜின் அமைச்சரவை ஒரு முடிவு எடுத்தது: அடுத்த 10 ஆண்டுகளில் பிரிட்டிஷ் பேரரசு பெரிய போர் எதிலும் ஈடுபடாது என்று வைத்துக்கொண்டு முப்படைகளும் தங்கள் செலவுத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும். இதுவே வரலாற்றில் 'பத்தாண்டு விதி' எனப்படுகிறது. 1918-19-இல் சுமார் 356 மில்லியன் பவுண்டாக இருந்த கடற்படைச் செலவு, 1923-இல் சுமார் 52 மில்லியன் பவுண்டுக்கு இறங்கியது.

அவசரப்பட்டுக் குறை சொல்லிவிடாதீர்கள். 1919-இல் சொன்ன கணிப்பு தப்பவில்லை. அடுத்த 10 ஆண்டில் பெரிய போர் வரவில்லை. சிக்கல் 1928-இல் ஆரம்பித்தது. அப்போது நிதியமைச்சராக இருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். அவருடைய யோசனைப்படி அந்தப் 10 ஆண்டு ஒவ்வொரு நாளும் புதிதாகத் தொடங்கும் என்று விதி மாற்றப்பட்டது. அதாவது 1928-இல் கேட்டால் 1938 வரை போர் இல்லை. 1930-இல் கேட்டால் 1940 வரை இல்லை. யாராவது முன்வந்து 'போதும், நிறுத்துங்கள்' என்று சொல்லாதவரை பத்தாவது ஆண்டு வரவே வராது.

1931 செப்டம்பரில் ஜப்பான் மஞ்சூரியாவில் புகுந்தது. 1932 மார்ச்சில் பத்தாண்டு விதி கைவிடப்பட்டது. ஆனாலும், நாட்டின் நிதி நிலைமையை மறந்து உடனே செலவைக் கூட்டிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. உலகப் பொருளாதார மந்தம். பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 2.5 மில்லியனைத் தாண்டியிருந்தது. அந்த நேரத்தில் போர்க்கப்பலுக்குப் பணம் கேட்பது எந்த அமைச்சருக்கும் எளிதில்லை.

சம்பளம் குறைந்தது, கப்பல் நின்றது

தயார்நிலை என்றால் இரும்பும் எண்ணெயும் மட்டுமா? 1931 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். செலவைக் குறைப்பதற்காக மாலுமிகளின் சம்பளத்தில் அரசு கைவைத்தது. பழைய சம்பள விகிதத்தில் இருந்த சாதாரண மாலுமிக்கு ஒரு நாளைக்கு 4 ஷில்லிங் கிடைத்தது. அது 3 ஷில்லிங் ஆகும் என்றார்கள். நான்கில் ஒரு பங்கு போய்விட்டது! ஸ்காட்லாந்தின் இன்வர்கார்டன் துறைமுகத்தில் நின்றிருந்த அட்லாண்டிக் கப்பற்படையில் மாலுமிகள் நங்கூரத்தை எடுக்க மறுத்தார்கள். சில நாட்களில் பிரிட்டன் தங்க நாணய முறையையே கைவிட வேண்டி வந்தது. அதற்கு வேறு காரணங்கள் இருந்தாலும், கடற்படையிலேயே கலகம் என்ற செய்தி உலகச் சந்தையை உலுக்கியது. அரசு சம்பளக் குறைப்பைத் தணித்துக்கொண்டது.

கப்பல் கட்டும் தொழிலும் இதே காலத்தில் நொடித்தது. 1922-இன் வாஷிங்டன் ஒப்பந்தம் பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளின் பெரிய போர்க்கப்பல்களுக்கு 5:5:3 என்ற விகிதத்தை வகுத்தது. புதிதாகக் கட்டுவதையும் நிறுத்தி வைத்தது. 1930-இன் லண்டன் ஒப்பந்தம் அந்த விடுமுறையை 1936 முடியும்வரை நீட்டித்தது. வேலை இல்லாத பட்டறை எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? இங்கிலாந்தின் ஜாரோ நகரில் இருந்த பால்மர்ஸ் கப்பல் பட்டறை 1933-இல் மூடப்பட்டது. 1936-இல் அந்நகரத்து ஆட்கள் சுமார் 200 பேர் வேலை கேட்டு லண்டனுக்கு நடந்தே போனார்கள். அதே 1936-இல் அரசு மீண்டும் பெரிய கப்பல் கட்ட முடிவெடுத்தபோது கவசத் தகடு செய்யும் ஆலைகளும் திறன்பெற்ற தொழிலாளர்களும் போதவில்லை. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து கவசத் தகடு வாங்க வேண்டியதாயிற்று.

மாணவர்களே, இந்த இடத்தைக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து தெரிந்ததும் பணத்தை ஒரே நாளில் ஒதுக்கிவிடலாம். ஒரு போர்க்கப்பலைக் கட்டி முடிக்க நான்கு ஆண்டுக்கு மேல் ஆகும். கைத்திறன் உள்ள ஒரு தொழிலாளியை உருவாக்கவும் ஆண்டுகள் ஆகும். 1932-இல் விதி போனது; அடுத்த பெரிய போர்க்கப்பல்களின் கட்டுமானம் தொடங்கியதோ 1937 ஜனவரியில்.

லாயம் கட்டியாச்சு, குதிரை இல்லை

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். ஆசியாவில் நிரந்தரமாக ஒரு பெரிய கப்பற்படையை நிறுத்தி வைக்கப் பிரிட்டனிடம் பணம் இல்லை. அதனால் 1921-இல் ஒரு திட்டம் ஏற்கப்பட்டது. கப்பல்கள் ஐரோப்பியக் கடலிலேயே இருக்கட்டும்; சிங்கப்பூரில் ஒரு பெரிய தளம் கட்டி வைப்போம்; ஜப்பான் தாக்கினால் கப்பல்களை இங்கே அனுப்புவோம். இதைத்தான் பாடநூல்கள் 'சிங்கப்பூர் உத்தி' என்கின்றன.

தீவின் வடக்குக் கரையில் செம்பவாங் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் வேலை ஒரே சீராக நடக்கவில்லை. 1924-இல் மெக்டோனால்டின் தொழிற்கட்சி அரசு திட்டத்தை நிறுத்தியது. அதே ஆண்டின் இறுதியில் ஆட்சிக்கு வந்த பழைமைவாதக் கட்சி மீண்டும் தொடங்கியது. 1929-இல் வந்த தொழிற்கட்சி அரசு மீண்டும் வேகத்தைக் குறைத்தது. 1928-இல் 50,000 டன் எடையைத் தூக்கக்கூடிய ஒரு மிதக்கும் கப்பல்துறை இங்கிலாந்திலிருந்து இழுத்து வரப்பட்டது. 1938 பிப்ரவரி 14-இல் ஆளுநர் ஷென்டன் தாமஸ், 1,000 அடி நீளமுள்ள ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர் கப்பல்துறையைத் திறந்து வைத்தார். தளத்தின் மொத்தச் செலவு சுமார் 60 மில்லியன் பவுண்டு என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது.

திறப்பு விழாவுக்கு அமெரிக்கப் போர்க்கப்பல்கள் மூன்று விருந்தாளிகளாக வந்திருந்தன. ஆனால் இந்தத் தளம் யாருக்காகக் கட்டப்பட்டதோ, அந்தப் பெரிய பிரிட்டிஷ் கப்பற்படை ஐரோப்பாவிலேயே இருந்தது. அங்கே ஹிட்லர், முசோலினி என்று இரண்டு தலைவலிகள். லாயம் கட்டியாச்சு, கட்டி வைக்கக் குதிரைதான் இல்லை.

லண்டனின் கணக்கும் மெல்ல மெல்ல மாறியது. கப்பற்படை வந்து சேர எத்தனை நாள் ஆகும்? 1920-களில் 42 நாள் என்றார்கள். 1937-இல் அது 70 நாள் ஆனது. 1939 ஜூலையில் 90 நாள். அதே ஆண்டு செப்டம்பரில், ஐரோப்பாவில் போர் தொடங்கியதும், 180 நாள். ஆறு மாதம்! இந்த நான்கு எண்களை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்; ஒரு வாக்குறுதி எப்படித் தேய்ந்தது என்பதை ஒரே பத்தியில் எழுதிவிடலாம்.

பணம் யாருடையது?

தேர்வுத்தாள்களில் அதிகம் வராத ஒரு செய்தி இது. 60 மில்லியன் பவுண்டும் லண்டனிலிருந்து வரவில்லை. நீரிணைக் குடியேற்ற நாடுகள் நிலத்தை இலவசமாகக் கொடுத்தன. நியூசிலாந்து 1 மில்லியன் பவுண்டும் ஹாங்காங் 250,000 பவுண்டும் அளித்தன. இணைக்கப்பட்ட மலாய் மாநிலங்கள், அதாவது பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் சேர்ந்து, 2 மில்லியன் பவுண்டு கொடுத்தன. அன்றைய நாணய மாற்றுப்படி அது ஏறக்குறைய 17 மில்லியன் மலாயா வெள்ளி. 1935-இல் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் 500,000 பவுண்டு அன்பளிப்புச் செய்தார். அதன் பெரும்பகுதி பீரங்கிகளுக்குப் போனது. சாங்கிப் பீரங்கித் தளத்துக்கு ஜொகூர் என்ற பெயரும் வந்தது.

மலாய் மாநிலங்களின் கருவூலத்தில் பணம் எப்படி வந்தது? ஈயத்தாலும் ரப்பராலும். ஈய லம்பங்களில் சீனத் தொழிலாளர்களும், பால்மரக் காட்டில் நம் முன்னோர்களான தமிழ்த் தொழிலாளர்களும் உழைத்த உழைப்புதான் அந்த வருவாயின் அடித்தளம். தளம் வேண்டுமா, வேண்டாமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. பாதுகாப்புக்குப் பங்கு கொடுத்த அந்த மக்கள், பாதுகாப்பு தேவைப்பட்ட நேரத்தில் தனித்து விடப்பட்டார்கள். தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டதும் அந்த வீழ்ச்சிக்குப் பிறகுதான். வரவு செலவுத் திட்டம் என்பது ஏதோ எண்களின் விளையாட்டு என்று மாணவர்கள் நினைத்தால், இந்த இடத்தை அவர்களுக்குக் காட்டுங்கள்.

குவாந்தான் கடலில் இரண்டு கப்பல்

1941 டிசம்பர் 2-ஆம் தேதி, கடைசியில் கப்பல் வந்தது. பெரிய கப்பற்படை இல்லை. 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரண்டு பெரிய கப்பல்களும் நான்கு நாசகாரிக் கப்பல்களும். அனுப்பி வைத்தவர் பிரதமர் சர்ச்சில். 1928-இல் பத்தாண்டு விதியை நீட்டித்த அதே சர்ச்சில்தான். 1924-இல் பிரதமர் பால்ட்வினுக்கு எழுதிய கடிதத்தில், தம் வாழ்நாளில் ஜப்பானோடு போர் வர வாய்ப்பே இல்லை என்ற கருத்தை அவர் எழுதியிருந்தார்.

இந்த இரண்டு கப்பல்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நாம் பேசும் சிக்கலின் இரண்டு பக்கமும் அங்கே தெரியும்.

'ரிபல்ஸ்' பழைய கப்பல். 1916-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதனுடைய சகோதரக் கப்பல் 'ரினவுன்' 1936 முதல் 1939 வரை பட்டறையில் நின்று ஏறக்குறைய முழுதாகப் புதுப்பிக்கப்பட்டது. புதிய இயந்திரங்களும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் பெற்றது. 'ரிபல்ஸ்' கப்பலுக்கு அரைகுறை வேலைதான் நடந்தது. புதுப்பிக்க வேண்டுமானால் கப்பலை இரண்டு மூன்று ஆண்டு கடலிலிருந்து எடுத்துவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டால் இன்றைய காவலுக்கு யார்? புகழ்பெற்ற 'ஹூட்' கப்பலுக்கும் இதே கதிதான். அதைப் பெரிய அளவில் புதுப்பிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தும் நேரம் கிடைக்கவில்லை. 1941 மே 24-இல் ஜெர்மனியின் 'பிஸ்மார்க்' அதை மூழ்கடித்தது. 1,418 பேரில் மூன்று பேர் மட்டுமே பிழைத்தார்கள்.

'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' புத்தம் புதுசு. 1937-இல் தொடங்கி 1941-இல் முடிக்கப்பட்டது. புதிய ரேடார் எல்லாம் இருந்தது. ஆனால் மலாயாவின் வெப்பமும் ஈரமும் அந்த ரேடார் கருவிகளைக் கெடுத்திருந்தன, சீர்செய்ய நேரமில்லை. நவீனக் கருவி இருந்தது, தயார்நிலை இல்லை.

இரண்டு கப்பல்களுக்கும் மேலே பாதுகாப்புக்கு விமானம் இல்லை. 1918 முதல் பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவு விமானப்படையின் கீழ் இருந்தது; 1939-இல்தான் முழுமையாகக் கடற்படைக்குத் திரும்பியது. இரண்டு துறைகளுக்கிடையே அகப்பட்ட பிள்ளைபோல் அது வளர்ச்சி குன்றியது. மலாயாவைக் காக்க 336 விமானங்கள் வேண்டும் என்று 1940-இல் படைத்தலைவர்கள் மதிப்பிட்டார்கள். போர் வெடித்தபோது இங்கே இருந்த முன்னணி விமானங்கள் 158.

டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியர்கள் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அன்று மாலை அட்மிரல் டாம் பிலிப்ஸ் கப்பல்களோடு வடக்கே புறப்பட்டார். 10-ஆம் தேதி, குவாந்தானுக்கு அப்பால், இந்தோசீனாவிலிருந்து பறந்து வந்த ஜப்பானியக் கடற்படை விமானங்கள் குண்டுகளாலும் டார்பிடோக்களாலும் தாக்கின. முற்பகலில் தொடங்கிய தாக்குதல், பிற்பகலில் இரண்டு கப்பல்களும் மூழ்கியதோடு முடிந்தது. 840 பேர் இறந்தார்கள். அட்மிரல் பிலிப்ஸும் அவர்களில் ஒருவர்.

ஜப்பான் மட்டும் எல்லாவற்றையும் சரியாகச் செய்ததா? அப்படி எழுதிவிடாதீர்கள். 1921-இல் ஜப்பானியக் கடற்படை விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்க வந்த செம்பில் தலைமையிலான குழு பிரிட்டனைச் சேர்ந்தது என்பது முதல் வேடிக்கை. ஜப்பானும் 'யமாட்டோ' போன்ற மாபெரும் போர்க்கப்பல்களில் ஏராளமாகக் கொட்டியது. அந்தக் கப்பலும் 1945-இல் விமானங்களால்தான் மூழ்கியது. எதிர்காலம் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. ஜப்பான் போர்க்கப்பலோடு விமானத்திலும் பணம் போட்டு வைத்திருந்தது. அது அன்றைக்குக் கைகொடுத்தது.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. அதற்கு முன்பே கடற்படையினர் செம்பவாங்கை விட்டு வெளியேறிவிட்டார்கள். பிறகு அந்தத் தளத்தைப் பயன்படுத்தியது ஜப்பானியக் கடற்படை. 1945 ஜூலையில் ஜொகூர் நீரிணையில் நின்றிருந்த ஜப்பானின் 'தகாவ்' கப்பலைத் தாக்கப் பிரிட்டிஷ்காரர்கள் சிறு நீர்மூழ்கிக் கப்பலில் ரகசியமாக வர வேண்டியிருந்தது. தாங்கள் கட்டிய தளத்தின் வாசலுக்கே!

விடையில் எப்படி எழுதலாம்?

"பிரிட்டன் கஞ்சத்தனம் செய்தது" என்று மட்டும் எழுதினால் விடை மேலோட்டமாக நின்றுவிடும். 60 மில்லியன் பவுண்டுத் தளம் கட்டியவரைக் கஞ்சன் என்று எப்படிச் சொல்வது? "பிரிட்டன் முட்டாள்தனம் செய்தது" என்பதும் போதாது. கடனும் வேலையின்மையும் உண்மையான நெருக்கடிகள்தான். இப்படி எழுதிப் பாருங்கள்:

"பிரிட்டன் ஆபத்தை முன்கூட்டியே கண்டு தளம் கட்டியது. ஆனால் அந்தத் தளத்துக்கு வரவேண்டிய கப்பல், விமானம், ஆள்பலம் ஆகியவற்றைத் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டது. ஆபத்து தெரிந்தபின் பணம் கிடைத்தது. கட்டுவதற்குத் தேவையான காலம் கிடைக்கவில்லை."

இதற்குப் பின் மேலே உள்ள சான்றுகளில் மூன்றை மட்டும் வரிசையாக வையுங்கள்: 1928-இன் விதி மாற்றம், 42 நாள் 180 நாளானது, 'ரிபல்ஸ்' புதுப்பிக்கப்படாமை. கடைசியில் மறுபக்கத்தையும் சொல்லுங்கள்: ஜப்பானின் வேகமும் திட்டமிடலும், மலாயாத் தரைப்படையின் குறைபாடுகளும் காரணங்களே. அப்போதுதான் விடை எடைபோட்டுப் பார்த்த விடையாக இருக்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் 100 புள்ளிகள் கொடுங்கள். மாலுமிகளின் சம்பளமும் பயிற்சியும், பழைய கப்பலைப் புதுப்பித்தல், புதிய கப்பலும் விமானமும், செம்பவாங் தளம் என நான்கு தலைப்புகள். 1925, 1932, 1937 என மூன்று முறை பங்கிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் அந்த ஆண்டு வரை நடந்ததை மட்டும் சொல்லுங்கள். 1941-ஐப் பற்றி மூச்சு விடாதீர்கள். பங்கிட்டு முடித்ததும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

1. எந்தத் தலைப்பில் புள்ளியைக் குறைத்தீர்கள்? பிறகு கூட்டினால் அந்தக் குறை நீங்கிவிடுமா, காலம் போனது போனதுதானா?

2. 1928-இல் நீங்கள் நிதியமைச்சராக இருந்திருந்தால், வேலையில்லாதவருக்கு உதவியா, போர்க்கப்பலா? காரணம் சொல்லுங்கள்.

3. தளத்துக்குப் பணம் கொடுத்த மலாயா மக்களின் கருத்தைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

'வெள்ளம் வருமுன் அணை போடு' என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். அணை போட எத்தனை நாள் ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போம். இன்றைக்கும் செம்பவாங்கில் கப்பல்கள் பழுதுபார்க்கப்படுகின்றன; பக்கத்திலேயே அட்மிரல்டி என்ற பெயரில் எம்.ஆர்.டி. நிலையம் இருக்கிறது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று உங்கள் மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாடத்தை அங்கிருந்தே தொடங்கிவிடலாம்.